புகழப் புகழப் புதைந்த மடம்

யாராவது புகழ்ந்து பேசினால் அந்தப் பழைய பௌத்த மடம் ஒரு சாண் மண்ணுக்குள் இறங்கும். தோண்டிய காலம் முழுக்க அது அசையவில்லை. கூலியாட்களுக்குப் புகழ நேரமில்லை. துறவிகள் படுத்த அறைகள், செங்கல் சுவர்கள், தலையில்லாத புத்தர் எல்லாம் பத்திரமாக வெளியே வந்தன. திறப்பு விழாவில் தொல்லியல் இயக்குநர் பேசினார். ஊரில் அவருக்கு மைக் என்றே பெயர். "உலகமே வியக்கும்" என்று அவர் சொன்ன மாத்திரத்தில் இடுப்பளவுச் சுவர் தொடையளவானது.

மழை ஈரம் என்றார்கள் மேதாவிகள். மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. ஆராய ஒரு குழு வந்தது, குழுவுக்கு வரவேற்புக் கூட்டம், அதில் ஆளாளுக்கு உரை. முழங்காலளவு. காரணம் மைக்குக்கும் தெரியும். "நான் பேசலைன்னா அப்புறம் நான் எதுக்குய்யா?" என்று கேட்டார். நியாயம்தான், வேறெதற்கும் அவர் உதவியதில்லை.

மடத்தை ஒட்டி ஒரு தையல்காரியின் வீடு. பார்க்க வருகிறவர்கள் கார் நிறுத்த அதை இடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டார்கள். அவளோ மாலையோடு போய் மைக்கை இன்னொரு கூட்டத்துக்கு அழைத்தாள்.

"வீட்டை இடிக்கிறவனுக்கு மாலையா? சூடு சொரணை இல்லையா உனக்கு?" என்று கத்தினான் பஸ் ஓட்டும் கணவன்.

"சும்மா இருங்க. மடமே இல்லைன்னா எவன் கார்ல வரப்போறான்?"

மைக் சளைக்காமல் பேசினார். புத்தரின் தோளும் மறைந்தது. வெறும் மண்மேல் நின்றுகொண்டு, "நிமிர்ந்து நிற்கும் நம் பெருமை!" என்று முழங்கினார். கூட்டம் கை தட்டியது. வெட்கம்கெட்ட ஜென்மங்கள்!

கார் நிறுத்தும் திட்டம் கைவிடப்பட்டது. தையல்காரி நிம்மதியாக மெஷினில் உட்கார்ந்த அன்றே, பொன்னாடையோடு மைக் வாசலில் வந்து நின்றார்.

"மடத்துக்குத் துணை நின்ற இந்த மகத்தான இல்லம்..."

வாசற்படி மண்ணுக்குள் போனது. தையல்காரி பாய்ந்து வந்து, கையிலிருந்த வெட்டுத்துணியை அவர் வாயில் திணித்தாள்.

"வாயை மூடுங்க சார்! இது நாங்க குடியிருக்கிற வீடு!"

இறங்கிய ஒரு சாண் இறங்கியதுதான். இப்போது அந்த வீட்டுக்குள் இறங்கித்தான் போகவேண்டும். துணி தைக்க வருகிறவர்கள் குனிந்து நுழைந்து, சுற்றிப் பார்த்துவிட்டு, "வீடு ரொம்ப சுமார்க்கா" என்கிறார்கள். அவளும் சந்தோஷமாக அளவெடுக்கிறாள்.