மறைவு வரிசையில் ஒரு பிறந்தநாள்

அச்சகத்தில் எல்லோரும் அவளை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். அவள் எந்தப் பள்ளிக்கூடத்திலும் வேலை பார்த்ததில்லை. சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்து அடுத்தவர் எழுத்தில் பிழை பார்ப்பதால் வந்த பெயர் அது.

அந்த அச்சகத்துக்குச் சோறு போட்டது தினசரி காலண்டர். நாளுக்கு ஒரு தாளாகக் கிழிக்கும் வகை. தேதிக்குக் கீழே நிகழ்வு, பிறப்பு, மறைவு என்று மூன்று சிறிய தலைப்புகள் இருக்கும். அந்தத் தேதியில் எந்தக் கப்பல் மூழ்கியது, எந்த விஞ்ஞானி பிறந்தார், எந்த மன்னர் போய்ச் சேர்ந்தார் என்று வரிவரியாகப் போடுவார்கள். வரிகளை அடுக்கிப் பக்கம் கட்டுகிறவர் மட்டும் அடிக்கடி அலுத்துக்கொள்வார்: "டீச்சர், இந்தத் தேதியில ஆளுங்க ரொம்பச் செத்துட்டாங்க. இடம் பத்தல. ரெண்டு பேரைப் பொழைக்க வைங்க."

ஊரில் சுங்கம் என்று ஒருவர் இருந்தார். லாரிப்பேட்டை முழுவதும் அவர் கையில். அவருக்குக் கப்பம் கட்டாமல் ஒரு சக்கரம் உருளாது என்பதால் முதுகுக்குப் பின்னால் அந்தப் பெயர். முகத்துக்கு நேரே ஐயா. அவர் ஒருநாள் அச்சக முதலாளியை அழைத்து, "பெரிய மனுஷங்க பிறந்தநாளெல்லாம் போடறீங்களே, நான் என்ன சின்ன மனுஷனா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அவர் சிரித்தால் ஊரில் யாருக்கும் சிரிப்பு வராது. முதலாளி அங்கிருந்தபடியே பக்கம் கட்டுகிறவருக்குப் போன் போட்டு ஒரு வரி சேர்க்கச் சொன்னார். டீச்சர் ஏற்கெனவே அந்தத் தாளைப் பார்த்து முடித்துக் கையெழுத்தும் போட்டுவிட்டிருந்தாள். சேர்த்த வரியை அவள் கண்ணில் யாரும் காட்டவில்லை. அது பிறப்பின் கீழே விழாமல் மறைவின் கீழே விழுந்தது.

காலண்டர் ஊரெல்லாம் தொங்கியது. வருகிற மாதத்துத் தாளை யார் புரட்டிப் பார்க்கப்போகிறார்கள்? ஒரு முடிதிருத்தும் கடைக்காரர் பார்த்தார். ஆள் வராத நேரத்தில், தன் கல்யாண நாள் என்ன கிழமை என்று தாள்களைப் புரட்டியபோது சுங்கத்தின் பெயர் செத்தவர்கள் வரிசையில் இருந்தது. அன்று சாயங்காலத்துக்குள் அந்தத் தாளின் படம் ஊரில் எல்லார் கைப்பேசியிலும் ஏறிவிட்டது.

மறுநாள் காலை இரண்டு பேர் அச்சகத்துக்கு வந்தார்கள். எதையும் உடைக்கவில்லை. "ஐயா கூப்பிடறாரு" என்று மட்டும் சொன்னார்கள்.

முதலாளி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "நான் எதையும் பார்க்கறதில்லப்பா. டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டாத்தான் மிஷின்ல ஏறும்" என்றார். அதைச் சொல்லும்போது அவர் டீச்சரைப் பார்க்கவில்லை, மேசை மேலிருந்த பசை டப்பாவைப் பார்த்தார்.

சுங்கத்தின் வீட்டுக் கூடத்தில் எல்லா ஜன்னல்களும் சாத்தியிருந்தன. அவர் பனியனோடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மடியில் காலண்டர். கத்துவார், அடிப்பார் என்று எண்ணித்தான் அவள் போயிருந்தாள். அவர் குரல் தாழ்ந்தே இருந்தது.

"யாரு சொல்லிப் போட்ட?"

"யாரும் சொல்லலைங்க ஐயா. நான் கையெழுத்துப் போட்டப்போ அந்த வரியே இல்ல. அப்புறமா சேர்த்தது, இடம் மாறிப்போச்சு."

"உன் முதலாளி வேற மாதிரி சொல்றானாமே."

"அவருக்கு பயங்க."

"உனக்கு?"

"எனக்கும்தான்."

அவர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். காலண்டரின் அட்டையை அவர் கட்டைவிரல் சுரண்டிக்கொண்டே இருப்பதை அவள் கவனித்தாள். இந்த மனிதர் தன்னைவிட அதிகமாகப் பயந்திருக்கிறார் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அதில் ஆறுதல் எதுவும் இல்லை.

காரணம் ஊருக்கே தெரியும். பல வருடங்களுக்கு முன் லாரிப்பேட்டையில் அவருக்குப் போட்டியாக ஒருவர் இருந்தார். ஒருநாள் விடிந்தபோது சுவரெல்லாம் அந்த ஆளுக்குக் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி. அந்த ஆள் அதைத் தானே நின்று படித்தார். அடுத்த நாள் கால்வாயில் கிடந்தார். ஒட்டியது யார் என்று யாரும் கேட்கவில்லை. இப்போது தன் பெயரையே அச்சில் பார்த்ததும், தன் பாடத்தைத் தனக்கே யாரோ திருப்பி நடத்துகிறார்கள் என்று சுங்கம் முடிவு கட்டிவிட்டார்.

"அந்தத் தேதிக்கு விடியறப்பவே நீ இங்க வந்துடணும். நான் குடிக்கறதை நீ முதல்ல குடிக்கணும். எனக்கு ஏதாவது ஆச்சுன்னா உனக்கும் ஆகும். உனக்கு மட்டுமில்ல."

அவள் கணவன் லிஃப்ட் மெக்கானிக். மகளையும் கூட்டிக்கொண்டு தன் அக்காவின் ஊருக்கு ஓடிவிடலாம் என்று முதலில் சொன்னவன் அவன்தான். ஆனால் அன்றே தெருமுனையில் சுங்கத்தின் பேட்டையிலிருந்து ஒரு லாரி வந்து நின்றது. சரக்கு ஏற்றவுமில்லை, இறக்கவுமில்லை. அதன் படியில் உட்கார்ந்திருந்த ஆள் டீச்சர் போகும்போதும் வரும்போதும் மரியாதையாக எழுந்து நின்றான். ஒருநாள், "பாப்பா எந்த ஸ்கூல் அண்ணி?" என்று கேட்டான். அவள் வீட்டுக்குள் வந்து கதவைத் தாழிட்டாள்.

கணவன் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போய்ப் பார்த்தான். அதிகாரியின் தலைக்குப் பின்னால் அதே காலண்டர் தொங்கியது. "பெரிய மனுஷன் பிறந்தநாளுக்குக் கூப்பிட்டிருக்காரு. போயிட்டு வரச் சொல்லுங்க" என்றார் அவர்.

அந்த நாட்களில் டீச்சருக்குச் சாப்பாடு இறங்கவில்லை. மகளுக்குத் தலை வாரும்போது வகிடு கோணலாகப் போனது. "என்னம்மா, தப்பு தப்பா வார்ற?" என்று மகள் கேட்டபோது மட்டும் அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது.

அந்தத் தேதி வந்தது. கணவன் ஸ்கூட்டரில் கொண்டுவந்து விட்டான். வாசலிலேயே அவளுடைய கைப்பேசியை வாங்கிக்கொண்டார்கள். உள்ளே சுங்கத்தின் மனைவி டீ போட்டுக்கொண்டிருந்தாள். மெலிந்த உடம்பு, அதிகம் பேசாத பெண். டீச்சர் முதல் மிடறு குடித்தாள். அது தொண்டையில் இறங்குவதைச் சுங்கம் கண்கொட்டாமல் பார்த்தார். கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டு, ஆறிப்போன டீயைக் குடித்தார்.

வெளியே வாழ்த்த வந்தவர்களின் பூங்கொத்துகள் கேட்டருகே குவிந்தன. ஒன்றைக்கூட உள்ளே கொண்டுவர அவர் விடவில்லை. பிறகு தன் ஆட்கள் மேலேயே அவருக்குச் சந்தேகம் வந்தது. ஒருவன் அடிக்கடி கடிகாரத்தைப் பார்த்தானாம், அவனைப் போகச் சொன்னார். ஒருவன் போனில் மெதுவாகப் பேசினானாம், அவனையும். வெயில் ஏறியபோது வீட்டில் மூன்றே பேர்தான். டிரைவர் மட்டும் கேட்டுக்கு வெளியே காரில் இருந்தான். கேட்டைப் பூட்டி, கைப்பேசிகளையும் அலமாரியில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவிக்கொத்து அவர் மடியில்.

"இந்தத் தேதியில வேற யாரெல்லாம் செத்திருக்காங்க?" என்று திடீரென்று கேட்டார்.

"ஒரு ஓவியருங்க. ஒரு டாக்டர். அப்புறம் மலை ஏறுற ஒருத்தர்."

"எப்படி?"

"அதெல்லாம் போடறதில்லைங்க. இடம் இருக்காது."

"பிறந்தவங்க?"

அவள் சொன்னாள். அவர் ஒவ்வொருவருக்கும் தலையாட்டினார். "இவங்கல்லாம் இருக்காங்களா?"

"இல்லைங்க. எல்லாரும் போயிட்டாங்க. வேற வேற தேதியில."

கொஞ்ச நேரத்தில் அவர் இடது தோளைத் தடவ ஆரம்பித்தார். மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்தும் பனியன் முதுகோடு ஒட்டிக்கொண்டது. எழ முயன்று, முடியாமல், நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் சரிந்தார். சாவிக்கொத்து தரையில் விழுந்து சறுக்கிப்போனது.

டீச்சருக்கு முதலில் வந்த நினைப்பு அந்த டீதான். தானும் குடித்திருக்கிறோமே என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நெஞ்சில் வலி எதுவும் வரவில்லை. மாமனாருக்கு மாரடைப்பு வந்த அன்று இதே வேர்வை, இதே சாம்பல் நிறம் என்று பிறகுதான் நினைவுக்கு வந்தது.

"ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போகலாங்க."

"வேணாம். வெளிய கொண்டுபோகாத" என்று முனகினார். "வழியிலதான் வெச்சிருப்பானுங்க."

அவள் சாவிக்காகத் திரும்பினாள். சுங்கத்தின் மனைவி துவைத்த துணிகளை மடித்துக்கொண்டு கட்டிலோரம் உட்கார்ந்திருந்தாள். சாவிக்கொத்து அவள் காலடியில் கிடந்தது. அவள் நிதானமாக அதன்மேல் பாதத்தை வைத்தாள்.

"உக்காரு டீச்சர்."

"அக்கா, இவரு போயிடுவாரு."

"தெரியும்."

"வேணாங்க்கா. சாவியைக் குடுங்க."

"யாரையும் உள்ள விடாதன்னு அவருதான் சொன்னாரு. நான் அவரு சொல்லைத் தட்டினதே இல்ல." அவள் இன்னொரு துண்டை எடுத்து மூலைக்கு மூலை சேர்த்து மடித்தாள். "அந்தத் தாளைப் பார்த்தப்போ, யாரோ நல்லது தெரிஞ்சுதான் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்."

கீழே அவர் மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. டீச்சர் மண்டியிட்டு அவள் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னைக் கொன்னுடுவாங்கக்கா. என் வீட்டுக்காரரை, என் பொண்ணைக்கூட விடமாட்டாங்க."

"தானா போச்சுன்னு நான் சொல்றேன்."

"உங்க பேச்சை அவங்க கேப்பாங்களா?"

மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன.

"இத்தனை வருஷத்துல யாரும் கேட்டதில்ல" என்றாள் கடைசியில். பாதத்தை எடுத்துக்கொண்டாள்.

டீச்சர் ஓடிப்போய்க் கேட்டைத் திறந்தாள். டிரைவரும் அவளுமாக அவரைக் காரில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவருடைய ஆட்கள் வந்து அவளைச் சுற்றி நின்றார்கள். ஒருவன் கை அவள் தோள்மேல் இருந்தது. அழுத்தவில்லை, சும்மா இருந்தது. உள்ளே இருந்து டாக்டர் வந்து, "பொழச்சுட்டாரு" என்று சொன்ன பிறகுதான் அந்தக் கை இறங்கியது. அவள் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

வீடு திரும்பிய சுங்கம் அவளை மறுபடி அழைத்தார். கட்டிலில் பாதியாகச் சுருங்கிக் கிடந்தார்.

"நீதான் காப்பாத்தின. அடுத்த வருஷமும் அந்தத் தேதிக்கு வந்து உக்காரு. அதுக்கடுத்த வருஷமும். நீ பக்கத்துல இருந்தா எனக்கு ஒன்னும் ஆகாது."

அவள் தலையாட்டினாள். வேறென்ன செய்வது. மருந்தை அளந்து ஊற்றிக்கொண்டிருந்த மனைவி, அவளை வழியனுப்ப வாசல் கேட் வரை வந்தாள். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டாள்.

"அடுத்த வருஷம் வராத டீச்சர்."

"கூப்பிட்டு விடுவாருக்கா."

"ஊரை விட்டுப் போயிடு. அவரு வாய்க்குப் போறதை முதல்ல உனக்குத்தான் குடுப்பாரு. அதை என்னால பார்க்க முடியாது."

சொல்லிவிட்டுக் கேட்டைச் சாத்திக்கொண்டாள். டீச்சருக்கு அவள் சொன்னது முழுவதும் புரிய, பேருந்து நிறுத்தம் வரை நடக்க வேண்டியிருந்தது. மருந்தை அளந்து ஊற்றிய அந்தக் கைகள் அப்போதுதான் நினைவுக்கு வந்தன.

தெருமுனை லாரி அதற்குள் போய்விட்டிருந்தது. அந்த வாரமே அவர்கள் கிளம்பினார்கள். முதலாளியிடம் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. புதிய ஊரில் கணவனுக்கு வேலை கிடைத்தது, மகளுக்குப் பள்ளி கிடைத்தது, அவளுக்கு ஒரு பாடநூல் அச்சகம் கிடைத்தது. லாரி ஏதாவது தெருவில் வேகம் குறைத்தால் மட்டும் மூவரும் பேச்சை நிறுத்துவார்கள்.

சில மாதங்கள் கழித்துப் பழைய அச்சகத்தில் பக்கம் கட்டுகிறவர் போன் செய்தார்; அவள் எண் அவரிடம் மட்டும் இருந்தது. சுங்கம் இறந்துவிட்டாராம். எந்தச் சிறப்பும் இல்லாத ஒரு கிழமையில், தூக்கத்தில். பழைய மாரடைப்புதான் என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டாராம். லாரிப்பேட்டையை இப்போது மனைவிதான் பார்க்கிறாளாம். அவள் எதிரில் ஆட்கள் உட்காருவதில்லையாம்.

"இப்போ எல்லாரும் அவங்க பேச்சைத்தான் கேக்கறாங்க டீச்சர். உங்களைப் பத்திக்கூட அன்னிக்கு விசாரிச்சாங்க. எங்க இருக்கீங்கன்னு."

"என்ன சொன்னீங்க?"

"தெரியாதுன்னேன். நல்ல மனசோடதான் கேட்டாங்க."

போனை வைத்ததும் கணவன் பெருமூச்சு விட்டான். "விட்டுது சனி. இனிமே நிம்மதியாத் தூங்கலாம்."

அவள் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினாள். கேட்டருகே அந்தப் பெண் சொன்ன வார்த்தைகளை அவள் அவனிடம்கூடச் சொன்னதில்லை. இந்த உலகத்தில் அதைக் கேட்டவள் தான் ஒருத்திதான் என்பது இப்போதுதான் அவள் மனதில் வந்து உட்கார்ந்தது.

"இன்னும் என்ன பயம் உனக்கு?" என்று கேட்டான்.

"இந்த வீடு வேணாங்க" என்றாள். "வேற பார்க்கலாம்."