பட்டாளத்து வாட்ச்சும் பத்து நிமிடமும்

“ஏம்ப்பா, ஒங்க வாட்ச்சுக்கு ஞாயித்துக்கிழமை லீவா?”

ஒரு திங்கட்கிழமைக் காலையில் இசைவாணி தன் அப்பாவிடம் இப்படிக் கேட்டாள். அவளுக்கு ஏழு வயது. அப்பா காளீஸ்வரன் கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, ஆமத்தூர் விலக்கு நிறுத்தத்திலிருந்து வீட்டுக்குத் திரும்பி, பக்கத்து வீட்டுக்காரரிடம் மோட்டார் சைக்கிளை இரவல் கேட்டுக்கொண்டிருந்தான். மூன்று வாரமாகத் திங்கட்கிழமைதோறும் இதுதான் நடந்தது.

காளீஸ்வரன் அதற்குக் காரணம் கண்டுபிடித்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை நன்றாகத் தூங்கி எழுகிற டிரைவர், உற்சாகத்தில் கால் மணி நேரம் முன்னதாகவே பஸ்ஸை எடுத்துவிடுகிறான். செல்போன் டிரைவர் பக்கம்தான் சாட்சி சொன்னது. ஆமத்தூரில் டவர் சரியில்லை என்று சொல்லி அதையும் தள்ளுபடி செய்துவிட்டான். அவன் கையில் இருந்தது பட்டாளத்து வாட்ச். பட்டாளம் பொய் சொல்லாது.

அந்த வாட்ச் சும்மா வந்துவிடவில்லை. நாரணாபுரத்துக்கு அப்பால் இருக்கும் பட்டாசுக் கம்பெனியில் அவன் போர்மேன் ஆனதும், போர்மேனுக்குத் தகுந்த வாட்ச் எது என்று மூன்று மாதம் ஆராய்ந்தான். அச்சுப் பிசகிய கம்பி மத்தாப்பு லேபிள்களின் பின்பக்கத்தில் கோடு போட்டு, மூன்று வாட்ச்சுகளை ஒப்பிட்டு எழுதினான். மூன்றுமே பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ். மூன்றுமே பட்டாளத்து மாதிரி. முதலாவது நூறு மீட்டர் ஆழத் தண்ணீரைத் தாங்கும். இரண்டாவது இருநூறு. மூன்றாவது இருநூறுடன், இருட்டில் பச்சையாக ஒளிரவும் செய்யும். பதின்மூன்று முதல் இருபத்து நான்கு வரையிலான எண்களும் உள்வட்டத்தில் உண்டு. பட்டை மணல் நிறக் கித்தான். நல்ல மழை பெய்த வருடத்தில்கூட ஊர்க் கண்மாய்த் தண்ணீர் அவன் கழுத்தைத் தாண்டியதில்லை. இருந்தாலும் இருநூறு மீட்டருக்குக் குறைந்து அவன் மனம் சம்மதிக்கவில்லை.

“கையில கட்டப் போறீகளா, இல்ல எல்லைக்குக் காவலுக்குப் போறீகளா?” என்று கேட்டாள் மனைவி பானுப்பிரியா. அன்றாடப் பயன்பாட்டுக்குத்தான் என்று அவன் விளக்கினான். வாட்ச் விற்றவர்களும் அப்படித்தான் எழுதியிருந்தார்கள்.

அன்றாடம் நடந்தது வேறு. பட்டாசுக் கம்பெனிக்குள் பேட்டரி உள்ள எதையும் கொண்டு போகக்கூடாது. செல்போன், வாட்ச், தீப்பெட்டி, பீடி எல்லாவற்றையும் கேட்டில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே நுழைய வேண்டும். கேட்டில் எண் போட்ட அறைகளுடன் ஒரு மரத்தட்டு இருந்தது. ஆக, இருநூறு மீட்டர் ஆழத்துக்கும் பீரங்கி அதிர்ச்சிக்கும் அஞ்சாத அந்த வாட்ச், காலை ஏழு மணி முதல் மாலை ஐந்து மணி வரை அந்தத் தட்டின் ஒன்றாம் எண் அறையில் படுத்துக் கிடந்தது. பக்கத்து அறையில், அங்கே கூலி வேலை செய்யும் கருப்பம்மாள் திருவிழாக் கடையில் வாங்கிய வாட்ச் கிடந்தது. ஆண்டவன் சந்நிதியில் மட்டும்தான் எல்லாரும் சமம் என்று நினைக்கிறோம். வெடிமருந்தின் சந்நிதியிலும் அப்படித்தான்.

தட்டுக்குக் காவல் நாகையா. வயது அறுபதைத் தாண்டிவிட்டது. மருந்துத் தூசி ஒத்துக்கொள்ளாத நெஞ்சு. அறைகளுக்குள் உட்கார்ந்து அரைமணி நேரம் வேலை செய்தால் மூச்சு இழுக்கும். அந்தக் கம்பெனியில் அவர் பார்க்கக்கூடிய ஒரே வேலை கேட்டு வேலை. நாகையா காளீஸ்வரனுக்குச் சித்தப்பா முறை. மருந்து அறையில் கூலியாக இருந்த காலத்தில் அவனும் அவரைச் சித்தப்பா என்றுதான் கூப்பிட்டான். போர்மேன் ஆன மறுநாளிலிருந்து, “நாகையா” என்று பெயர் சொல்லி அழைத்தான். பதவி உயர்ந்தால் உறவு மறந்துபோவது இயற்கைதானே. கேட்டை ஒட்டிச் சாய்த்து வைத்திருக்கும் நாகையாவின் பழைய சைக்கிள் ரோட்டிலிருந்து பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்றும் ஒருமுறை சொல்லியிருந்தான். அந்த சைக்கிளின் பின் டயரில் எங்கேயோ காற்றுக் கசிவு. காலையில் அடைத்த காற்று மாலைக்குள் இறங்கிவிடும். நாகையா அதை மெயின் ரோட்டுக் கடை வரைக்கும் உருட்டிக்கொண்டு போய்க் காற்று அடித்து, பிறகு ஏறிப் போவார்.

அந்தத் திங்கட்கிழமை மாலை, லோடு லாரி வந்துவிட்டதா என்று பார்க்கக் காளீஸ்வரன் ஐந்து மணிக்குச் சற்று முன்னதாகவே கேட்டுக்கு வந்தான். நாகையா பெஞ்சில் உட்கார்ந்து, ஒன்றாம் எண் அறையின் வாட்ச்சைக் கண்ணருகே பிடித்து, நேரம் திருத்தும் அதன் திருகை நகத்தால் வெளியே இழுத்துத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மூன்று வாரப் புதிர் காளீஸ்வரனுக்கு ஒரே நொடியில் அவிழ்ந்தது. டிரைவர் நிரபராதி. டவரும் நிரபராதி. வாட்ச்சைக் கெடுத்துக்கொண்டிருந்தது இந்த விரல்கள்தான்.

வேலை முடிந்த பெண்கள் வரிசையில் வந்து நின்றிருந்தார்கள். அவர்கள் முன்னாலேயே கேட்டான்.

“என்னய்யா பண்ணுத என் வாட்ச்ச?”

நாகையா வரிசையைப் பார்த்தார். பிறகு அவனைப் பார்த்தார்.

“தூசி இருந்துச்சு தம்பி. தொடச்சேன்.”

தூசி துடைக்கத் திருகை ஏன் இழுக்க வேண்டும் என்று காளீஸ்வரன் கேட்டான். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர் சொல்லும் பொய்க்கு இரண்டாவது வரி கிடைக்காது. காளீஸ்வரன் அங்கிருந்தே சிவகாசி ஆபீசுக்குப் போன் போட்டு, தட்டில் வைக்கும் பொருளுக்குப் பாதுகாப்பில்லை என்று முதலாளி இராமகிருஷ்ணனிடம் சொன்னான். சீசன் நேரம். முதலாளிக்கு மறு போனில் வடக்கத்தி ஆர்டர் காத்திருந்தது. ஆளை மாற்றிவிடு, அவரைத் தீபாவளி கழித்துப் பார்க்கலாம் என்று சொல்லி வைத்துவிட்டார். தீபாவளிக்கு ஐந்து மாதம் இருந்தது. ஐந்து மாதம் அந்த நெஞ்சை வைத்துக்கொண்டு நாகையா வேறு எங்கே வேலைக்குப் போவார் என்று யாரும் கேட்கவில்லை. கேட்கும்படி யாரும் நிற்கவும் இல்லை. பெண்கள் தட்டிலிருந்து தங்கள் பொருளை எடுத்துக்கொண்டு பஸ் ஏறினார்கள். நாகையா சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்.

மறுநாள் முதல் கேட்டில் செந்தூர்பாண்டி உட்கார்ந்தான். ஒழுங்கான ஆள். எந்த வாட்ச்சையும் விரலால்கூடத் தொடவில்லை. கருப்பம்மாளின் வாட்ச் பட்டை ஊசி கழன்று விழுந்தபோதும் தொடவில்லை. நாகையாண்ணன் இருந்தால் ஒரு கம்பியை வளைத்து மாட்டித் தந்திருப்பார் என்று அவள் முனகியது, போர்மேன் காதில் விழாது என்று அவள் நினைத்த தூரத்திலிருந்து சரியாக அவன் காதில் விழுந்தது.

அன்று மாலை காளீஸ்வரன் வாட்ச்சைச் சரியான மணிக்கு வைத்துக் கட்டிக்கொண்டான். இனி அதைக் கெடுக்க ஆளில்லை. புதன்கிழமை காலை அந்த நிம்மதியுடன் விலக்குக்கு நடந்தான். பஸ் போய்விட்டிருந்தது. வாட்ச்சில் இன்னும் பத்து நிமிடம் பாக்கி இருந்தது. மறுபடி சரியாக வைத்தான். வியாழக்கிழமையும் பஸ் போய்விட்டிருந்தது.

இரவல் மோட்டார் சைக்கிளுக்காக அவன் மறுபடி பக்கத்து வீட்டு வாசலில் நின்றபோது இசைவாணி பள்ளிக்கூடப் பையுடன் வந்தாள்.

“வாட்ச்மேன் தாத்தாவுக்கு லீவு குடுத்துட்டீகள்ல. அதான் வாட்ச்சும் தெனமும் லீவு போடுது.”

பிள்ளைகள் இப்படித்தான். வாட்ச்மேன் என்றால் வாட்ச்சைப் பார்த்துக்கொள்பவர் என்று நினைத்துக்கொண்டிருந்தாள். காளீஸ்வரன் சிரிக்க வாயெடுத்தான். சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை வீட்டில் பழைய லேபிள் ஒன்றை எடுத்துப் பின்பக்கத்தில் கோடு போட்டான். இந்த முறை ஒப்பிட ஒரே ஒரு வாட்ச்தான் இருந்தது. நாகையா கேட்டில் இருந்த நாட்கள் ஒரு பக்கம், இல்லாத நாட்கள் மறுபக்கம். அவர் இருந்த நாட்களில் மாலையில் வாட்ச் பத்து நிமிடம் கூடுதலாக இருக்கும். அம்மன் கோயிலில் ஏழு மணிக்குப் பாட்டுப் போடும்போது அவன் கையில் ஏழு மணி எட்டு நிமிடம். பட்டாளத்தில் எல்லாரும் முன்னதாகவே தயாராக இருப்பார்கள் என்று அதற்கும் பானுப்பிரியாவிடம் பெருமையடித்திருந்தான். காலையில் பஸ்ஸுக்கு நிமிடம் பிசகாமல் இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கம்பெனி லீவு, வாட்ச் கேட்டுக்கே போகாது. திங்கட்கிழமை கால் மணி நேரம் பின்தங்கும்.

அதாவது, மூன்று மாதம் ஆராய்ந்து வாங்கிய வாட்ச் விடிவதற்குள் பத்து நிமிடம் பின்தங்குகிறது. அந்தப் பத்து நிமிடத்தை நாகையா மாலைதோறும் முன்கூட்டியே வைத்து அனுப்பியிருக்கிறார்.

உறுதிப்படுத்திக்கொள்ள அவனே திருகை இழுத்துப் பத்து நிமிடம் கூட்டி வைத்தான். வெள்ளிக்கிழமை காலை விலக்கில் போய் நின்றதும் பஸ் வந்தது. டிரைவர் இரண்டு நாளைக்குப் பிறகு அவனைப் பார்த்து, “என்ன போர்மேன், நேரத்துல வந்துட்டீக” என்றான். காளீஸ்வரன் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தான். வரிசையின் முன்னால் நின்று, “ஒன் பட்டாளம் ஓட மாட்டேங்குது தம்பி” என்று நாகையா சொல்லியிருந்தால் நாற்பது பெண்களும் சிரித்திருப்பார்கள். அவன் சீசன் முழுக்கத் தலைநிமிர்ந்திருக்க முடியாது. அதற்காகத்தான் அந்த மனிதர் தூசி துடைத்திருக்கிறார்.

அன்று மாலை சிவகாசி ஆபீசுக்குப் போய்த் தப்பு தன் மேல்தான் என்று முதலாளியிடம் சொன்னான். சொல்வதற்கு வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போயிருந்தான். முதலாளி லோடு சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. எந்த நாகையா என்று கேட்டார். பிறகு, வரச் சொல் என்றார். ஒரு மனிதரின் ஐந்து மாதத்தை எடுப்பதற்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, திருப்பிக் கொடுப்பதற்கும் அவ்வளவு நேரம்தான் ஆயிற்று.

நாரணாபுரத்தில் நாகையா வீட்டு வாசலில் போய் நின்றான். அவர் வெளியே வந்தார்.

“நாளைக்கு வந்துருங்க சித்தப்பா.”

அவர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். காரணம் கேட்கவில்லை.

“சாப்பிட்டுட்டுப் போ தம்பி. ஒங்க சித்தி இப்பந்தான் இறக்கி வச்சா” என்றார்.

சனிக்கிழமை காலை கேட்டில் வழக்கமான வரிசை. செல்போன்களும் தீப்பெட்டிகளும் தட்டில் விழுந்துகொண்டிருந்தன. காளீஸ்வரன் தன் முறை வந்ததும் வாட்ச்சைக் கழற்றி நீட்டினான். பின்னால் நிற்பவர்களுக்குக் கேட்கட்டும் என்று குரலை உயர்த்தினான்.

“சித்தப்பா, இது ஒரு ராத்திரிக்குப் பத்து நிமிசம் பின்னால போகுது. சாயங்காலம் கூட்டி வச்சிருங்க. முன்ன வச்ச மாதிரியே.”

கருப்பம்மாள், தன் நூற்றைம்பது ரூபாய் வாட்ச்சைப் பக்கத்து அறையில் வைத்தபடி, பட்டாளமே இப்படிப் பின்வாங்கினால் நாட்டை யார் காப்பாற்றுவது என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தார்கள். காளீஸ்வரனும் சேர்ந்து சிரித்தான். நாகையா மட்டும் சிரிக்காமல், ஒன்றாம் எண் அறையில் வாட்ச்சைக் கண்ணாடி கீறாதபடி மல்லாக்க வைத்தார்.

அதோடு கணக்குத் தீர்ந்தது என்று வேறொருவன் நினைத்திருப்பான். காளீஸ்வரனுக்கு மட்டும் அந்தப் பத்துப் பத்து நிமிடங்கள் உறுத்திக்கொண்டே இருந்தன. அவை யாரும் பார்க்காதபோது நாகையா கொடுத்தவை.

திங்கட்கிழமை மதியம் நாகையா தூக்குவாளியை எடுத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் சாப்பிடப் போனார். பெண்கள் அறைகளுக்கு அப்பால் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கேட்டில் யாருமில்லை. காளீஸ்வரன் போர்மேன் அறையிலிருந்து ஒரு மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு வந்தான். அதற்குள் காலையில் பஸ்ஸில் மடியில் வைத்து மறைத்துக் கொண்டுவந்த கைப்பம்ப் இருந்தது. சைக்கிளின் பின் சக்கரத்தருகே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, வால்வு மூடியைத் திருகிப் பத்திரமாகப் பைக்குள் போட்டுக்கொண்டு, காற்று அடிக்க ஆரம்பித்தான். முப்பது தடவை அழுத்தியதும் டயர் நிமிர்ந்தது. பெருவிரலால் அமுக்கிப் பார்த்தான். மாலைக்குள் கொஞ்சம் இறங்கிவிடும் என்று தோன்றியது.

இன்னும் பத்து அடித்தான். மூடியைத் திருகி, சக்கரத்தில் பட்டிருந்த கை ரேகையைத் துடைத்துவிட்டு, பையைச் சுருட்டிக்கொண்டு உள்ளே போனான்.