முதல் குடம்

வேதவல்லியின் கணவர் சபாரத்தினத்துக்கு நெஞ்சில் தண்ணீர் வந்துவிட்டது. விடிந்து கதவைத் திறந்தால் வாசலில் பதினேழு குடங்கள் வரிசையாக நின்றன. தெருக்குழாயில் பன்னிரண்டு நாளாகக் காற்றுதான் வருகிறது. யாரையும் குறை சொல்ல முடியாது.

அவளும் தன் குடத்தைக் கொண்டுபோய்க் கடைசியில் வைத்தாள். சொந்தப் புருஷனின் தண்ணீர் என்பதற்காக முன்னால் வைக்கிற ஆளில்லை. இருபது வருடமாக அந்தத் தெருவின் வரிசையைக் கட்டிக்காப்பவளே அவள்தான். குடம் நின்றால் ஆள் நிற்பதாக அர்த்தம். அடுத்தவர் குடத்தைத் தொடக்கூடாது.

சபாரத்தினம் கட்டிலில் முன்பக்கம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு முட்டியது. கழுத்து நரம்பு புடைத்திருந்தது. டாக்டர் வந்து மார்பில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார்.

“கேக்குதா டாக்டர்?”

“கேக்குது. ஆனா மூணு வீடு தள்ளிக் கேக்குது.”

போய்ப் பார்த்தார்கள். உண்மைதான். மூன்றாவது வீட்டு மரகதம் கல்யாணத்துக்காகப் பழனி போயிருந்தாள். பூட்டிய வீட்டுக்குள் சபாரத்தினத்தின் இதயம் அடித்துக்கொண்டிருந்தது.

டாக்டர் திரும்பி வந்து ஸ்கேன் பார்த்தார். பிரஷர் இறங்கிக்கொண்டே போனது.

“இதயத்தைச் சுத்தி ஒரு பை இருக்கும்மா. அதுல தண்ணி கட்டியிருக்கு. இதயம் விரிய இடமில்ல. ஊசி விட்டு இப்பவே எடுக்கணும்.”

“எடுங்க.”

“முதல் குடம் யாரோடது?”

“மரகதத்தோடது. ராத்திரியே வச்சிட்டுப் போயிட்டா.”

டாக்டர் ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார். அவரும் அடுத்த தெருவில் வாடகைக்கு இருப்பவர்தான்; அங்கேயும் குழாய் வரிசை உண்டு.

பழனிக்குப் போன் போட்டார்கள். “தாலி கட்டுற நேரம். மூணு நாள்ல வந்து என் கையால பிடிச்சுக்கிறேன். யாரும் தொடாதீங்க” என்றாள் மரகதம்.

“தண்ணி எங்க போயிடப்போவுது?” என்றார் ஐந்தாவது குடத்துக்காரர்.

எல்லோரும் வேதவல்லியைப் பார்த்தார்கள். அவள் போட்ட சட்டம்.

உள்ளே சபாரத்தினத்தின் உதடு நீலம் பாரித்திருந்தது. “வேதா, வரிசையக் கலைச்சிடாத. அப்புறம் தெருவுல தலைகாட்ட முடியாது.”

முப்பது வருடத்தில் அவர் அவள் பேச்சைக் கேட்டது அன்றுதான். அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது.

வாசலுக்குப் போய் முதல் குடத்தைத் தூக்கினாள். காலிக் குடம்தான். ஆனால் மரகதத்தின் கனம் இருந்தது. மூச்சு வாங்கச் சுமந்துபோய் மரகதத்தின் வீட்டு வாசலில் இறக்கினாள்.

டாக்டர் ஸ்கேனைப் பார்த்தபடியே ஊசியை இறக்கினார். வைக்கோல் நிறத்தில் தண்ணீர் வந்தது. ஒரு சொம்புகூட நிறையவில்லை.

வேதவல்லி கணவரின் மார்பில் காதை வைத்தாள். மூன்று வீடு தள்ளி அடித்தது. பிறகு இரண்டு வீடு தள்ளி. பிறகு பக்கத்து வீட்டில். பிறகு அவள் காதிலேயே அடித்தது. சபாரத்தினம் மூச்சு முட்டாமல் காலை நீட்டிப் படுத்தார். அவள் அழுதாள்.

மூன்று வீடு தள்ளி வாசலில் சத்தம் கேட்டது. பட்டுப்புடவையும் கை நிறைய இன்னும் தூவாத அட்சதையுமாக, பழனியில் இருந்த மரகதம் தன் குடத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“என் குடத்த யாரு தொட்டது?”

“நான்தான்” என்றாள் வேதவல்லி. காதை எடுக்கவில்லை.