ஒன்றரை அங்குலம் தாழ்ந்த கார்

காரை ஒன்றரை அங்குலம் தாழ்த்தியதிலிருந்து கணக்கு வாத்தியார் ஆளே மாறிவிட்டார். தினமும் பள்ளிக்கூடத்துக்குப் போய்வருகிற, பின்சீட்டில் நோட்டுக்கட்டு குலுங்குகிற சாதாரண கார்தான். ஆனால் நான்கு மாதம் காத்திருந்து வெளிநாட்டிலிருந்து தருவித்த, வண்டியின் உயரத்தைக் குறைக்கிற நான்கு சிவப்பு ஸ்பிரிங்குகளை மச்சான் மாட்டிக் கொடுத்த நாள்முதல், வளைவுகளுக்காகவே சுற்றுவழியில் போக ஆரம்பித்தார். ஆசிரியர் அறையில் டஸ்டரை மேசைமேல் திருப்பிக் காட்டி, "ரோட்டோட அப்படியே ஒட்டிக்குது சார்" என்று விளக்குவார். அந்த நேரம் பார்த்துக் கழிப்பறைக்குப் போக அறிவியல் வாத்தியார் பழகிக்கொண்டார்.

உயரம் பழையபடியே இருக்கிறதே என்று ஒருநாள் தோன்றத்தான் செய்தது. மச்சானிடம் கேட்டார். மனைவியின் அண்ணன், ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவன்.

"புது ஸ்பிரிங் படிய ரெண்டு மாசம் ஆகும் மாப்ள. அவசரப்படாதீங்க."

வாழ்நாளெல்லாம் அளவுகோலும் கையுமாக இருந்த மனிதர், டயருக்கு மேலே அதை ஒரு தரம்கூட வைத்துப் பார்க்கவில்லை. மச்சான் சொன்னால் போதாதா?

மூன்றாம் மாதம் வீல் அலைன்மென்ட் பார்க்க வேறு கடைக்குப் போனார். மச்சானிடம் அந்த மெஷின் இல்லை. கடைக்காரர் காரைத் தூக்கி, டார்ச் அடித்து, ஸ்பிரிங்கை நகத்தால் சுரண்டினார். சிவப்பு உரிந்து கறுப்பு எட்டிப் பார்த்தது.

"எதை மாத்துனீங்க சார்? இது வண்டியோட வந்ததுதான். பெயின்ட் அடிச்சிருக்காங்க. அதுவும் கழட்டாமலே. பாருங்க, பின்பக்கம் பிரஷ் எட்டல."

வாத்தியாருக்கு அதுதான் அதிகம் வலித்தது. முழுசாகக்கூட ஏமாற்றவில்லை.

நேராக மச்சானிடம் போனார். ஒர்க்‌ஷாப் வாசலில் அவன் கார் நின்றது. அதே மாடல், தரையோடு தரையாக. குனிந்து பார்த்தார். நான்கும் சிவப்பு.

"தங்கச்சிதான் மாப்ள சொன்னா, 'அவருக்கு முதுகுவலி, மாட்டிடாத, மாட்டுன மாதிரி காட்டு'ன்னு. சும்மா கிடக்குதேன்னு நான்..."

"அவளுக்கும் தெரியுமா?"

"உங்க பொண்ணுக்கும் தெரியும். பிரஷ் வாங்கிட்டு வந்ததே அவதான்."

சாப்பாட்டு மேசையில் அவர் வளைவுகளைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "ஆமாங்க, நல்லாத் தெரியுது" என்பாள் மனைவி. மகள் தட்டைப் பார்த்துக் குனிந்துகொள்வாள். பணிவான பெண் என்று இத்தனை நாள் நினைத்திருந்தார்.

"உங்களுக்குத்தான் நல்லா இருந்துச்சே!" என்றான் மச்சான்.

"சாவியக் குடு."

மச்சானைப் பக்கத்தில் உட்காரவைத்து, அவன் காரிலேயே தெருவைச் சுற்றினார். முதல் பள்ளத்தில் பல்லோடு பல் மோதியது. இரண்டாவதில் இடுப்பு அலறியது. மூன்றாவதில் காரின் அடிப்பாகம் தரையைக் கீறிக்கொண்டு போனது. வளைவில் அற்புதமாகத் திரும்பியது. வளைவு ஒன்றுதான் இருந்தது.

"சொல்லுங்க மாப்ள, தினம் இதுல போவீங்களா? வேணாம்தானே?"

"வேணாம்தான். ஆனா அத நான் சொல்லணும்டா. மூணு பேரும் கூடிப் பேசி முடிவு பண்றதுக்கு நான் என்ன கைக்குழந்தையா?"

மச்சான் சிரிக்க வாயைத் திறந்தான். அவர் முகத்தைப் பார்த்து மூடிக்கொண்டான்.

"கழட்டி என் வண்டியில மாட்டு."

"இப்பதானே வேணாம்னீங்க?"

"நாளைக்கு ஓட்டிப் பாத்துட்டு வந்து வேணாம்னு சொல்றேன். இப்ப மாட்டு."

மச்சான் ஜாக்கியை எடுத்தான். வாத்தியார் ஒரு ஸ்டூலை இழுத்துப்போட்டு, அவன் கையை விட்டுக் கண்ணை எடுக்காமல் உட்கார்ந்தார். மனைவி மூன்று முறை போன் செய்தாள். நான்காவது சக்கரம் முடியும்வரை அவர் எடுக்கவில்லை.