பரீட்சைத் தாளில் நாத்தனார்

தையல்கடையிலிருந்து வந்ததும் அவள் பரீட்சைக்கான சிறுகதையை உரக்க வாசிப்பாள். நாத்தனார் சமைத்தபடியே கேட்பாள். அவளுக்குக் கதையின் கருவும் உச்சக்கட்டமும் விளங்கிவிட்டன. துணை மாந்தர் என்பது மட்டும் மண்டையில் ஏறவில்லை.

"கதையில வர்ற அந்த வக்கீல் ராப்பகலாப் படிச்சு வாதாடுறாரே அண்ணி, அவருக்குச் சோறு யாரு போட்டா?"

"அது கதையில இல்ல."

"எழுதினவருக்குப் பசியே எடுக்காதுபோல!" நாத்தனார் கரண்டியால் சட்டியை ஓங்கித் தட்டினாள்.

பரீட்சையில் துணை மாந்தரைச் சான்றோடு விளக்கச் சொல்லியிருந்தார்கள். அவள் வக்கீல் கதையையே மறந்து போனாள். தன்னைப் படிக்கவிட்டு அடுப்படியில் வெந்தவளைப் பற்றி மடமடவென்று எழுதித் தள்ளினாள். வீட்டுக்கு வரும் வழியில்தான் உறைத்தது.

"பாடத்தை விட்டுட்டு உன்னைப் பத்தி எழுதிட்டேன்டி."

நாத்தனார் திகைத்து நின்றாள். "சோறு போட்டதையுமா?"

"அதுல இருந்துதான் ஆரம்பிச்சேன்."