தூக்கிப் பார்த்து வாங்கியது

ஷிபினை அடக்கம் செய்து இரண்டு வாரம் கழித்து அவனுடைய பெட்டி மஸ்கட்டிலிருந்து கார்கோவில் வந்தது. கூட வேலை செய்தவர்கள் கட்டி அனுப்பியது. காக்கி டேப் சுற்றி, நைலான் கயிறு வரிந்து, பெயரையும் ஊரையும் கறுப்பு மையில் பெரிதாக எழுதியிருந்தார்கள்.

கல்ஃப் பெட்டியின் கயிற்றை வந்தவன்தான் அறுப்பான். குலசேகரம் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். சொந்தக்காரர்கள் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். அவன் கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு வேண்டுமென்றே நேரம் கடத்துவான். இந்தப் பெட்டியை யார் அறுப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடைசியில் ஷிபினின் அப்பா ராஜையன் ரப்பர் பால் வெட்டும் கத்தியோடு வந்து குந்தினார். அந்தக் கத்தி கயிறு அறுக்கத் தோதுப்படாது. வளைந்த முனை வழுக்கிக்கொண்டே இருந்தது. வேறு கத்தி எடுத்துக் கொடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

சோப்பு, பாதி தீர்ந்த அத்தர், மடித்த இரண்டு கைலி, வலித் தைலம் குப்பி குப்பியாக. அடியில் லேப்டாப்.

வந்திருந்தவர்களுக்கு அதுவரை பேச ஒன்றும் இல்லை. இப்போது ஒரு பொருள் கிடைத்துவிட்டது.

"இது என்னலே, பப்படம் போல இருக்கு?" என்றாள் ராகேல் சித்தி. "உள்ள சாமானம் வைக்க மறந்திட்டானுவளா?"

"புது மாடலாக்கும் சித்தி" என்றான் சிஜின். ஷிபினின் சித்தப்பா மகன். மார்த்தாண்டத்தில் கம்ப்யூட்டர் கடையில் வேலை. "போன வருசத்துக்க மாடலு இதுல ரெண்டு மடங்கு தடி. இப்ப ஒக்க மாத்திட்டான். மூடியப் பாருங்க, ஒரு எழுத்து கெடையாது. கலரும் கொள்ளாம், நல்லா இருக்கு."

"என்ன கொள்ளாம்? மழைக்கு மூடிக்கெடக்க வானம் போல இருக்கு. செவப்புல கிட்டாதா?"

"லேப்டாப்பு என்ன சேலையா சித்தி, செவப்புல எடுக்க?"

யாரோ சிரித்தார்கள். சிரித்தபின் எல்லோரும் பிரீனாவைப் பார்த்தார்கள். அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஷிபினின் மனைவி. லேப்டாப் கைக்குக் கை மாறிச் சுற்றி வந்தது. ராஜையன் உள்ளங்கையில் வாங்கி, "பாரமே இல்லியே" என்று சொல்லி அடுத்த ஆளிடம் கொடுத்தார். பிரீனா கை நீட்டவில்லை.

"பென்டிரைவு எங்கலே குத்துவா?" என்று கேட்டாள் ராகேல் சித்தி. பிரீனாவின் வேலை அவளுக்குத் தெரியும். மார்த்தாண்டத்தில் ஒரு ஃபிளெக்ஸ் போர்டு கடைக்கு டிசைன் போட்டுக் கொடுப்பவள். கல்யாணம், காதுகுத்து, சாவு, எல்லா வீட்டு ஆட்களும் போட்டோவைப் பென்டிரைவிலோ கார்டிலோதான் கொண்டுவருவார்கள்.

"இதுல சி டைப் மட்டும்தான். ரெண்டே துவாரம். ஒரு ஹப்பு வாங்கிக் குத்தினா எல்லாம் எடுக்கும்" என்றான் சிஜின்.

"எனக்கு இது வேண்டாம்" என்றாள் பிரீனா. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். "துவாரம் இல்ல. மாத்தித் தா சிஜினு."

நியாயம்தானே என்று எல்லோரும் தலையாட்டினார்கள். துவாரம் இல்லை என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள். சிஜின் அதைத் துணியில் சுற்றி அப்போதே பைக்கில் கொண்டுபோனான்.

மஸ்கட்டில் அதை வாங்கிய அன்று, கடையிலிருந்தே ஷிபின் அவளுக்கு வீடியோ கால் போட்டிருந்தான்.

"ரெண்டையும் தூக்கிப் பாத்தேன் பிள்ளே. ஒரு கையில இது, மறு கையில அது. இந்தப் புதுசுதான் கொள்ளாம்."

"தூக்கிப் பாத்தா என்ன தெரியும்? எத்தன துவாரம் இருக்குண்ணு பாருங்க."

"ஓரத்துல ரெண்டு இருக்கே."

"அது சார்ஜர் குத்துற துவாரம். தடியா இருந்தாலும் பழைய மாடலையே எடுங்கண்ணு எத்தன வாட்டி சொன்னேன்?"

"ஒரு வயரு தருவானாம். அதக் குத்தி..."

"வாலத் தொங்கப் போட்டுட்டு அலையவா? தூக்கிப் பாத்து வாங்க இது என்ன சக்கப்பழமா? ஒங்களுக்குச் சொமடு எடுக்க மட்டுந்தான் தெரியும்."

பெரிய பொய் இல்லை அது. மஸ்கட் போவதற்கு முன் அவன் ரப்பர் தடி லோடு ஏற்றியவன். அங்கே போயும் கம்பி இறக்கும் வேலைதான். அரிசிச் சாக்கானாலும் குக்கரானாலும் தூக்கிப் பார்க்காமல் வாங்கமாட்டான். அவள் அப்படிச் சொன்னதற்கு அவன் சிரித்தான். "செரி பிள்ளே, செரி" என்றான். அவள் போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் மதியம் கம்பி இறக்கிக்கொண்டிருந்தவன், தலை கறங்குது என்று லாரி நிழலில் உட்கார்ந்தான். எழும்பவில்லை.

நினைவு ஜெபம் முடிந்து, அவள் திரும்ப வேலைக்குப் போக வேண்டியிருந்தது. சனிக்கிழமை மார்த்தாண்டத்தில் கடைக்குப் போனாள். சிஜின் போன வருட மாடலை எடுத்து வைத்திருந்தான். கறுப்பு, தடிமன், ஓரம் முழுக்கத் துவாரம். கார்டு போடும் இடமும் இருந்தது.

"நல்லா யோசிச்சியளா மைனி? அது நல்ல சாதனமாக்கும்."

"பென்டிரைவு எடுக்குதா பாரு."

குத்திப் பார்த்தான். எடுத்தது. அவள் அதைப் பையில் போட்டு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள்.

உட்கார இடமில்லை. ஜங்ஷனில் வண்டிகள் முட்டி நின்றன. பஸ் நகர்ந்து நகர்ந்து நின்றது. ஒவ்வொரு பிரேக்குக்கும் பையின் வார் தோளை அறுத்தது. எலும்பில் அதே இடம். முன்பு அவள் வைத்திருந்த பழைய லேப்டாப்பும் அங்கேதான் அழுத்தும். செங்கல் போன்ற அதைச் சுமந்து, போகவும் வரவும் பஸ்ஸில் நின்றே வந்து, ராத்திரி போனில் அவனிடம் அவள் சொல்லும் முதல் பேச்சு, "எனக்க தோளு விட்டுப் போச்சு" என்பதுதான். தைலம் தேச்சியா என்று அவன் கேட்பான்.

பிரீனா கம்பியைப் பிடித்த கையை விட்டுவிட்டாள். பஸ் குலுங்கியதில் முன்னால் நின்றவர்மேல் சாய்ந்து நிமிர்ந்தாள்.

ஒரு கையில் இது. மறு கையில் அது.

போனை எடுத்து சிஜினைக் கூப்பிட்டாள். "அது இருக்கா?"

"எது மைனி?"

"ஒல்லி மாடலு."

"அது காலையிலேயே ஒரு காலேஜ் பையன் கொண்டு போயிட்டானே. அவனுக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. ஏன் மைனி, அதுல எதாவது வச்சிருந்தியளா?"

"இல்ல."

"இது நல்லா ஓடுதுல்லா?"

"ஓடுது" என்று சொல்லிப் போனை வைத்தாள்.

அவள் முகத்தைப் பார்த்தோ பையைப் பார்த்தோ, சீட்டில் இருந்த ஒரு பெண் கை நீட்டினாள். கூடை நிறைய மரச்சீனிக் கிழங்கு வைத்திருந்தவள். "பைய இஞ்ச தா மக்கா, மடியில வைக்கேன். பாரமாட்டு இருக்கும்போல."

"வேண்டாம் அக்கா."

"தோளப் பாரு, எப்படிச் சரிஞ்சு நிக்குது! நான் தின்னுரவா செய்வேன்? தா."

"இருக்கட்டும் அக்கா" என்றாள் பிரீனா.

குலசேகரம் வரை அவள் பையை மறு தோளுக்கு மாற்றவில்லை.