அக்காவின் நான்கு பூதங்கள்

அக்காவின் அணியோடு மோதித் தோற்றவர்கள் என்று யாரையும் சொல்ல முடியாது. எல்லோரும் வெறுத்துப்போய், தலையில் அடித்துக்கொண்டு, பாதியிலேயே எழுந்து போனவர்கள்தான். அப்படிப் போனால் ஆட்டம் அக்காவுக்கு. "நான் ஜெயிக்கவே வேணாம்டா. அவன் எழுந்து போனா போதும்" என்பாள். காப்பீட்டுக் கம்பெனி ஒன்றில் தொலைபேசியில் புகார் கேட்கிற வேலை அவளுக்கு. புகாரைத் தீர்ப்பது அந்த வேலையில் சேர்த்தி இல்லை. கூப்பிட்டவர் அலுத்துப்போய்த் தானே போனை வைக்கும்வரை "உங்க சிரமம் புரியுதுங்க" என்று தேன் ஒழுகச் சொல்லிக்கொண்டிருப்பதுதான் வேலை. ஒன்பது வருடம் அதைச் செய்தவளுக்கு, ஒரு விளையாட்டில் நாலு பேரை நோகடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

விளையாட்டுக்கு ஏதோ நீளமான பெயர் உண்டு. வீட்டில் அதற்குப் பூதச் சண்டை என்றே பெயர். கைபேசியில் ஆடுவது. ஆளுக்கு நான்கு பூதங்கள், பூதத்துக்கு நான்கு வித்தைகள். எந்த வித்தையையும் ஓர் ஆட்டத்தில் இத்தனை தடவைதான் காட்டலாம் என்று வரம்பு உண்டு. ஒவ்வொரு சுற்றிலும் யோசிக்க ஒரு நிமிடம். எங்கோ இருக்கிற முகம் தெரியாத ஒருவரின் நான்கு பூதங்களையும் சாய்த்தால் வெற்றி. நெருப்புக் கக்குவது, இடி இறக்குவது என்று அடிக்கிற பூதங்களாகப் பொறுக்கிச் சேர்ப்பதுதான் உலக வழக்கம். கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்க்கும் தம்பியும் அந்த ரகம்தான்.

அக்கா ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க ஹாலில் குப்புறப் படுத்துக்கொண்டு தன் அணியைக் கட்டினாள். முதலில் பாறை மாதிரி ஒரு பூதம். அடிக்காது, அடித்தாலும் வலிக்காது, வந்து உட்கார்ந்தால் போகாது. அதற்கு 'மாமா' என்று பெயர் வைத்தாள். ரெண்டு நாளைக்கு என்று பெட்டியோடு வந்து நாலு மாதம் தங்கிய மாமா ஒருவர் அவர்களுக்கு உண்டு. இரண்டாவது பூதம் ஒரே ஒரு தடவை கொட்டும். பிறகு சுற்றுக்குச் சுற்று எதிராளியின் உயிர் சொட்டுச் சொட்டாக இறங்கும். "ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போவாங்க, அது ஒரு வாரம் உள்ள அரிச்சுக்கிட்டே இருக்கும்" என்று சொல்லி அதற்குப் 'பெரியம்மா' என்று வைத்தாள். மூன்றாவது வாயைத் திறந்தால் எதிரில் இருப்பது தூங்கிவிடும். அது 'மேனேஜர்'.

"ஒண்ணாவது அடிக்கிற பூதமா வெச்சுக்கோக்கா" என்று தம்பி கெஞ்சினான்.

"எதுக்கு? கைதான் வலிக்கும்."

நான்காவது, உருண்டையாக, கண் மட்டும் பெரிதாக ஒரு குட்டிப் பூதம். அடித்தால் ஓட்டுக்குள் ஒளிந்துகொள்ளும். கொஞ்ச நேரம் கழித்து எட்டிப் பார்த்து, அடிபட்டுக் கிடக்கும் மற்றப் பூதங்களுக்கு உயிர் ஊட்டும். அக்கா அதன் மூஞ்சியையும் தம்பியின் மூஞ்சியையும் மாறி மாறிப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்து அவள் மட்டும் அவனைக் கூப்பிடுகிற பெயர் ஒன்று உண்டு. அதைத் தட்டினாள்: 'முட்டை'.

மூன்றே மாதத்தில் அந்த அணி முதல் நூறு இடங்களுக்குள் போய்விட்டது. விளையாட்டுக்காரர்கள் கூடிப் பேசுகிற தளத்தில் அவளைத் திட்டாத ஆள் இல்லை. சாப்பிடும்போது அக்கா அந்த வசவுகளைப் பரிசு வாங்கியவள் மாதிரி சத்தமாகப் படிப்பாள். 'இந்த அணியைக் கட்டியவருக்கு நல்ல சாவே வராது' என்று ஒருவன் எழுதியிருந்தான். அக்காவுக்குப் புரையேறுகிற அளவுக்குச் சிரிப்பு. அதை ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்தாள். வாயில் வரக்கூடாததையெல்லாம் வீட்டில் ஒட்டாதே என்று அம்மா இரண்டு நாள் முணுமுணுத்தாள்.

பழகிப் பார்ப்பதற்குத் தம்பிதான் எதிராளி. அவனும் மற்றவர்களைப் போலத்தான். பதினைந்து சுற்று தாண்டாது; கைபேசியைக் கட்டிலில் எறிந்துவிட்டு எழுந்துவிடுவான். "ஓடிட்டான், முட்டை ஓடிட்டான்" என்று அக்கா கை தட்டுவாள். ஒருநாள் மட்டும் சிரிக்காமல், "ஒரு தடவ கடைசி வரைக்கும் உக்காரேன்டா. இந்த டீம் கடைசியில என்ன ஆகும்னு நானே பாத்ததில்ல" என்றாள். "போக்கா, உனக்கு வேலை இல்ல" என்றான் தம்பி.

அதன் பிறகு அவளுக்கு நுரையீரலில் தொற்று வந்தது. ஆறு வாரம் ஆஸ்பத்திரி. போன் பிடிக்கத் தெம்பு இருந்தவரை படுக்கையிலேயே ஆடினாள். பிறகு, அணியைப் பொதுவில் விடுகிற வசதியை அழுத்தி, யார் வேண்டுமானாலும் இரவல் எடுத்து ஆடும்படி விட்டுவிட்டாள். "சும்மா கெடந்தா துருப்பிடிச்சிடும்டா" என்றாள். அவள் தெளிவாகப் பேசிய கடைசி விஷயம் கிட்டத்தட்ட அதுதான்.

இன்றைக்குத் தாங்காது என்று பெரிய டாக்டர் சொன்ன பிறகும் ஒன்பது நாள் தாங்கினாள். ஒன்பது நாளும் தம்பி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தான். ஒன்பதாம் நாள் பிற்பகல், அம்மா குளித்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். தம்பி கீழ்த்தளத்தில் இருந்த இயந்திரத்தில் டீ பிடிக்க இறங்கினான். போய் வர பதினோரு நிமிடம். மாடிப்படியிலேயே நர்ஸ் எதிரே வந்தாள். முகத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

அம்மா வந்து அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டு, "நீ பக்கத்துல இருந்தல்ல? இருந்தல்ல?" என்று கேட்டாள். தலையாட்டினான். "ஏதாச்சும் சொன்னாளா?" என்று கேட்டாள். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்று சொல்ல எந்தக் கொம்பனுக்கும் வாய் வராது. "அம்மாவ நல்லா பாத்துக்கோன்னு சொன்னாம்மா" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் எட்டு மாதமாக அம்மா நடமாடுகிறாள். துக்கம் விசாரிக்க யார் கூப்பிட்டாலும், "போகும்போதுகூட என்னைப் பத்திதாங்க நெனச்சிருக்கா" என்று அதைச் சொல்லித்தான் போனை வைப்பாள்.  ஒவ்வொரு தடவையும் தம்பி எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவான்.

மறுபடி அவன் விளையாட்டைத் திறந்ததே வேண்டாத வேலை. மூன்றாவது ஆட்டத்தில் எவனோ ஒருவன் முதல் பூதத்தை இறக்கினான். பாறை மாதிரி வந்து உட்கார்ந்தது. தலைக்கு மேல் பெயர்: 'மாமா'.  இரவல் எடுப்பவர்கள் பெயரை மாற்ற முடியாது என்பது தம்பிக்கு அப்போதுதான் உறைத்தது. உடனே ஆட்டத்திலிருந்து வெளியேறினான். அடுத்த நாள் இன்னொருத்தி. மறுபடி மாமா, பெரியம்மா. அந்த எரிச்சல் பிடித்த அணி தொற்றுநோயாய்ப் பரவியிருந்தது. முன்பு திட்டியவர்களே இப்போது அதை இரவல் எடுத்து ஆடினார்கள். தேசம் தேசமாக, முகம் தெரியாத மனிதர்கள், அவள் மட்டும் கூப்பிட்ட பெயரில் 'முட்டை'யைக் கூப்பிட்டார்கள். கடையில் லென்ஸை இயந்திரத்தில் பிடித்திருக்கும்போதுகூட யாரோ பின்னால் நின்று அந்தப் பெயரைச் சொன்னது போல் இருக்கும். திரும்பிப் பார்த்தால் சுவரில் கண் பரிசோதனை அட்டைதான் தொங்கும்.

எந்த ஆட்டத்திலும் அவன் உட்காரவில்லை. மாமாவைப் பார்த்ததும் ஓடினான்.

ஒரு ஞாயிறு முற்பகல். அம்மா சமையலறையில் இருந்தாள். வந்த எதிராளிக்குப் பெயர் வெறும் எண்கள். மாமா இறங்கினார். தம்பியின் கட்டைவிரல் வெளியேறும் பொத்தானுக்குப் போனது. போன விரல் நடுவிலேயே நின்றது. எதிராளி ஒவ்வொரு சுற்றிலும் கடிகாரத்தில் மூன்று விநாடி மிச்சம் இருக்கும்வரை காத்திருந்தார். மூன்றில்தான் அழுத்தினார். அடுத்த சுற்றும் மூன்று. அதற்கடுத்ததும் மூன்று. அக்கா அப்படித்தான் ஆடுவாள். எதிரில் இருப்பவனின் பொறுமையை நெய்யில் வறுத்து எடுக்கிற வேலை அது.

 அந்த ஒரு நிமிடத்துக்குள் தம்பி ஓடிப்போய் பீரோவைத் திறந்தான். துணிகளுக்கு அடியில் அக்காவின் போன் உறையோடு கிடந்தது. பொத்தானை அழுத்திப் பார்த்தான். உயிரில்லை. பேய்க்கும் சார்ஜ் வேண்டுமல்லவா என்று தனக்குத்தானே சொல்லிப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. போனைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டுத் திரும்பி ஓடி வந்தபோது எட்டு விநாடி மிச்சம் இருந்தது.

இந்தத் தடவை போகக்கூடாது என்று முடிவு செய்தான். எதிரில் இருப்பது யாராக இருந்தாலும் சரி, எழுந்து போகிறவன் நானாக இருக்கக்கூடாது.

அடிப்பதை நிறுத்தினான். விஷம் ஏறிய பூதத்தை உள்ளே இழுத்தான், வேறொன்றை இறக்கினான், தூங்கினால் தூங்கட்டும் என்று விட்டான். கண் பவர் எழுதுகிற சீட்டின் பின்பக்கத்தில், எதிராளி எந்த வித்தையை எத்தனை தடவை காட்டினார் என்று கோடு போட்டுக்கொண்டே வந்தான். இருபது சுற்று. நாற்பது. கால் மரத்தது. மூத்திரம் முட்டியது. "சாப்பாடு ஆறுது" என்று அம்மா இரண்டு தடவை கூப்பிட்டாள். "இதோம்மா" என்று இரண்டு தடவையும் சொன்னான். எழுந்திருக்கவில்லை. ஒன்பது நாள் உட்கார்ந்தவனால் இன்னும் பதினோரு நிமிடம் உட்கார முடியவில்லையே என்ற எண்ணம் நடுநடுவே வந்து போனது.

எழுபத்தெட்டாவது சுற்றில், யாரும் பார்த்திராத ஒன்று நடந்தது. மாமாவிடம் வித்தை தீர்ந்துபோனது. வித்தை தீர்ந்த பூதம் எதிரில் இருப்பதன் மேல் தலையால் முட்டும். முட்டினால் அதற்கேதான் அடி. மாமா முட்டினார், முட்டினார், நாலாவது முட்டில் சாய்ந்தார். பிறகு மேனேஜர். பிறகு பெரியம்மா. 'இதுதான்கா ஆகும்' என்று தம்பி வாய்விட்டுச் சொன்னான். 

கடைசியில் முட்டை மட்டும் நின்றது. ஓடு முழுக்க விரிசல். ஒரு சொட்டு உயிர். அதனிடமும் வித்தை இல்லை. அடித்தால் ஒரே அடியில் முடிந்துவிடும். தம்பிக்கு அடிக்க மனம் வரவில்லை. தன் பூதங்களைச் சும்மா மாற்றி மட்டும் வைத்துவிட்டுக் காத்திருந்தான். அதுவாக முட்டினாலும் முடிந்துவிடும். கடிகாரம் இறங்கியது. பத்து. ஐந்து. மூன்று வந்தது. எதிராளி அழுத்தவில்லை. இரண்டு. ஒன்று.

எதிராளி ஆட்டத்தை விட்டு வெளியேறிவிட்டார் என்று திரை சொன்னது. முட்டை நின்ற இடத்தில் வெறும் புல்தரை இருந்தது. வெற்றி இசை ஒலித்தது.

அக்கா ஒருநாளும் ஆட்டத்தை விட்டுப் போனவள் இல்லை. ஆகவே அது அக்கா இல்லை. யாரோ ஒருவர், பொறுமை தீர்ந்து எழுந்து போயிருக்கிறார், அவ்வளவுதான். அப்படித்தான் அவன் முதலில் நினைத்தான். ஆனால் நெஞ்சு கேட்கவில்லை. இமை கொட்டாமல் பார்த்துக்கொண்டேதானே இருந்தான்? இம்மி நகரவில்லையே? அப்படியும் போயாகிவிட்டது. பக்கத்தில் இருந்தாலும் போகிறவர்கள் போகத்தான் செய்கிறார்கள். எட்டு மாதமாக அந்தப் பதினோரு நிமிடத்தைத் தூக்கிக்கொண்டு அலைந்தவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அம்மா கரண்டியோடு வாசலில் வந்து நின்றாள். "என்னடா? அந்தப் பாட்டுச் சத்தம் கேட்டுச்சே. யாரு ஜெயிச்சா?"

"அம்மா," என்றான். "அன்னிக்கு நான் அங்க இல்லம்மா."

"என்னிக்கு?"

"அக்கா போனப்ப. நான் அந்த ரூம்லயே இல்ல."

 அம்மா கரண்டியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். "அப்ப... அவ சொன்னது?"

"அவ எதுவும் சொல்லல. நான்தாம்மா சொன்னேன்."

அம்மா மெதுவாகக் கட்டில் முனையில் உட்கார்ந்தாள். கரண்டியிலிருந்து குழம்பு தரையில் சொட்டியது. அதை அவள் கவனிக்கவில்லை. எட்டு மாதமாகக் கையில் வைத்திருந்ததை அவளிடமிருந்து பிடுங்கியாகிவிட்டது என்று தம்பிக்குத் தெரிந்தது. திட்டுவாள், அடிப்பாள், வாய்விட்டு அழுவாள் என்று காத்திருந்தான்.

"எங்க போயிருந்த?" என்று கேட்டாள். குரலே எழும்பவில்லை.

"கீழ. டீ குடிக்க."

அம்மா கரண்டியைத் தரையில் வைத்தாள். பிறகு கேட்டாள்.

"குடிச்சியா?"

"பாதிதாம்மா."